அடியில் குனிந்து பார்க்காத நகரம்

பழைய வண்டி என்றால் ஆபத்தான வண்டி. ஆபத்தான வண்டியைக் கழித்துக்கட்ட வேண்டும். டெல்லியில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டு வாக்கியங்கள்தான் சட்டமாகவும் பொதுப்புத்தியாகவும் உலவுகின்றன. டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்று கெடு. அதற்குப் பிறகு வண்டி எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் என்ன தேதி என்பது மட்டும்தான் கேள்வி.

இந்தக் கெடு எங்கிருந்து வந்தது? 2014 நவம்பர் 26 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 15 ஆண்டு கடந்த வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்றது. 2015 ஏப்ரல் 7 அன்று 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் அதில் சேர்த்தது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் கெடு தாண்டிய வண்டிகளுக்கு பெட்ரோல் பங்குகளில் எரிபொருளே ஊற்றக்கூடாது என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையம் உத்தரவிட்டது. இருசக்கர வாகனங்களையும் சேர்த்து சுமார் 62 இலட்சம் வண்டிகள் இந்த வலைக்குள் வந்தன. மக்கள் கொதித்தார்கள், சில நாட்களிலேயே உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4 என்ற புகைத் தரத்துக்கும் அதற்குப் பிந்தைய தரத்துக்கும் மட்டும்தான் என்று சுருக்கியது.

வழக்கு இவ்வளவு தூரம் ஓடியும் இரு தரப்பும் வண்டியின் பின்பக்கத்தை, அதாவது புகைக்குழாயை மட்டுமே பார்த்தன. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர் இல்லை.

கெடுவை ஆதரிப்பவர்களின் வாதத்தை நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும், ஏனென்றால் அது வெறும் பிடிவாதம் அல்ல. வண்டி பழசாகப் பழசாக எல்லாப் பாகமும் தேய்கிறது, புகையும் கூடுகிறது என்கிறார்கள். சோதனை வைத்துத் தரம் பிரிக்கலாமே என்றால், நம் ஊரில் சோதனை என்பது காசுக்குக் கிடைக்கும் காகிதம், ஆனால் பிறந்த தேதியை யாரும் மாற்ற முடியாது, கேமராவே படித்துவிடும் என்கிறார்கள். சோதனையில் தோற்ற பழைய காரைப் பழுதுபார்ப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது, இன்று புஷ், நாளை ஜாயிண்ட், அடுத்த மாதம் ஸ்டீயரிங் என்று செலவு நிற்காது என்கிறார்கள். கடைசியாக, புதிய கார்களில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்ஸும் இருக்கின்றன, பழையவற்றில் இல்லை என்கிறார்கள். புகையைப் பொறுத்தவரை இவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பழைய தரத்து டீசல் எஞ்சின் கக்கும் கரியை எந்த ஸ்பேனராலும் பி.எஸ்.6 அளவுக்கு இறக்க முடியாது. ஆனால் புகைக்காகப் போட்ட கெடுவைச் சாலைப் பாதுகாப்புக்கான ஏற்பாடாகவும் காட்டுவது தவறு. அந்தத் தவறு உயிரோடு விளையாடுகிறது.

1. நாட்காட்டி எதை அளக்கிறது?

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஆர்.கே. புரத்தில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவருடையது. காய்கறிக் கடை, மலை மந்திர், மாதம் ஒருமுறை மயூர் விஹாரில் மகள் வீடு என்று ஓடும் பெட்ரோல் கார். நாளுக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தாலும் 15 ஆண்டில் 55 ஆயிரத்தைத் தாண்டாது. மற்றொன்று விமான நிலையத்துக்கும் குருகிராமுக்கும் இடையே ஓடும் வாடகைக் கார். நாளுக்கு 200 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்றால் நான்கே ஆண்டில் 2 இலட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர். நாட்காட்டியைக் கேட்டால் முதல் கார் கிழம், இரண்டாவது இளசு. சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்டைக் கேட்டால் பதில் தலைகீழ்.

சஸ்பென்ஷன் பாகங்கள் ஆண்டு எண்ணித் தேய்வதில்லை. எத்தனை வேகத்தடையில் ஏறி இறங்கியது, எத்தனை பள்ளத்தில் விழுந்தது, எவ்வளவு பாரம் சுமந்தது, எத்தனை முறை சக்கரம் திரும்பியது என்பதே அவற்றின் வயது. ஒரு விலக்கு உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. ரப்பர் ஓடாமலே கெடும். டெல்லியின் மே மாத வெயிலிலும் ஜனவரிக் குளிரிலும் தெருவோரத்தில் நிற்கும் காரின் ஆர்ம் புஷ் ஓடாமலே வெடிப்பு விடும். அதனால் முதல் காரிலும் புஷ் மாற்ற வேண்டியிருக்கலாம். மாற்ற வேண்டியது புஷ்ஷைத்தான், அதற்காகக் காரை அல்ல.

2. சோதனையில் தோற்றதாம். எப்போது வைத்தார்கள்?

இந்த இடத்தில்தான் கெடு ஆதரவாளர்களின் வாதம் முழுவதும் சரிகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தகுதிச் சான்று, நம் ஊர்ப் பேச்சில் எஃப்.சி., வாடகை வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் உரியது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அந்த 15 ஆண்டில் யாரும் அந்தக் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பதினைந்து முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் முதல்முறையாகத் தகுதிச் சோதனை வருகிறது. சென்னையிலோ மதுரையிலோ அந்த நாள் வருகிறது. வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, தேறினால் ஐந்தாண்டு நீட்டிப்பு வாங்குகிறார்கள். டெல்லியின் கெடு விழுவதோ சரியாக அந்த நாளில்தான். சோதனை தொடங்க வேண்டிய இடத்தில் வண்டியின் கதையே முடிக்கப்பட்டது.

இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். தலைநகரில் பதிவான சொந்தக் கார் ஒன்று ஷோரூமிலிருந்து வெளிவந்த நாள் முதல் உடைப்புக் கிடங்குக்குப் போகும் நாள் வரை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மையோ ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்டையோ அரசின் சார்பில் ஒரு கண்ணும் பார்த்திருக்காது. ஆண்டுக்கொருமுறை மாசுச் சான்று உண்டே என்பார்கள். அது புகைக்குழாயில் குழல் நுழைத்துப் பார்ப்பது. பிரேக் பிடிக்கிறதா, சக்கரம் ஆடுகிறதா என்று அந்தக் குழலுக்குத் தெரியாது.

வைக்காத தேர்வில் மாணவன் தோற்றான் என்று எந்த வாத்தியாரும் சொல்ல மாட்டார். டெல்லி சொல்கிறது.

3. தேய்வதற்கென்றே செய்த பாகம் தேய்ந்தால் அது முதுமையா?

ஒரு பட்டறையில் நடப்பதைக் கிட்டே நின்று பார்த்தால் இது புரியும். காரின் முன்பக்கம் ஜாக்கியில் ஏறுகிறது. மெக்கானிக் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுகிறார். பிறகு இடமும் வலமுமாக ஆட்டுகிறார். மேலும் கீழுமாக ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங், இடமும் வலமும் என்றால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் என்று சந்தேகம். அடுத்து ஒரு நீண்ட கடப்பாரைத் துண்டை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து நெம்புகிறார். நல்ல ஜாயிண்ட் அசையாது. தேய்ந்த ஜாயிண்ட் 'டொக்' என்று ஒரு சத்தம் போடும். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர்த் தொப்பியைப் பார்த்தால் கதை முழுக்கத் தெரியும். ஓரத்தில் ஒரு கீறல், அதன் வழியே கசிந்த கிரீஸ், கிரீஸில் ஒட்டிய டெல்லியின் புழுதி. கிரீஸும் புழுதியும் சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி. உள்ளே இருக்கும் எஃகுக் குண்டை அது ஒவ்வொரு திருப்பத்திலும் அராவிக்கொண்டே இருக்கும்.

அந்தக் குண்டு ஒருநாள் கிண்ணத்திலிருந்து கழன்றுவிட்டால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கும், கார் தரையில் உட்காரும். ரிங் ரோட்டில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அது நடந்தால் ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது, அதனால்தான் அது இன்னும் வஞ்சகமானது. கரடுமுரடான இடத்தில் பிரேக் அடிக்கும்போது சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிரேக்குக்குப் பிடிமானம் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் கார் நிற்காது. ஓட்டுகிறவருக்கோ 'வண்டி கொஞ்சம் தூக்கிப்போடுது' என்ற உணர்வு மட்டுமே இருக்கும். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடுவதால் கையும் அதற்குப் பழகிவிடுகிறது.

புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகிய எல்லாமே செருப்பின் அடிப்பாகம் போன்றவை. தேய்ந்து மாற்றப்படுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. அதனால்தான் போல்ட்டைக் கழற்றினால் தனியே வருகின்றன. பாகம் தேய்ந்ததை வண்டியின் மரணமாகப் படிப்பது, செருப்பு தேய்ந்ததற்குக் காலை வெட்டுவதற்குச் சமம்.

4. பழுதுபார்க்கும் செலவு யாருடைய கணக்கில் வீண்?

கெடுவை ஆதரிப்பவர்கள் எப்போதும் செலவைப் பழைய காரின் சந்தை விலையோடு ஒப்பிடுகிறார்கள். 'காரே எண்பதாயிரம்தான் போகும், அதற்கு முன்பக்க வேலை இவ்வளவா?' என்பது அவர்கள் கேள்வி. இந்த ஒப்பீடே தவறு. உரிமையாளரின் முன்னால் இருக்கும் தேர்வு, பழைய காரைச் சரிசெய்வதா அல்லது வேறு கார் வாங்குவதா என்பதுதான். அப்படியானால் ஒரு முன்பக்க சஸ்பென்ஷன் வேலையின் செலவைப் புதிய காருக்கான கடனின் மாதத் தவணைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண ஹேட்ச்பேக் என்றால் ஓரிரு தவணையில் அந்த வேலை முடிந்துவிடும். தவணையோ ஐந்தாண்டு, ஏழாண்டு ஓடும்.

செலவு நிற்காது என்ற புகாரில் ஓர் உண்மை இருக்கிறது. அது காரின் வயதால் வருவதல்ல, அரைகுறை வேலையால் வருவது. சோதனையில் தோற்ற காரை எப்படியாவது தேற வைக்க வேண்டும் என்று ஓடுபவர்கள், தோல்விச் சீட்டில் எழுதியிருக்கும் ஒரே பாகத்தை மட்டும் மாற்றுகிறார்கள். இடதுபக்க ஷாக் கசிகிறது என்றால் இடதுபக்கம் மட்டும். புதியதும் பழையதும் ஒரே அச்சில் இரண்டு விதமாக வேலை செய்யும், பிரேக் அடித்தால் கார் ஒருபக்கம் இழுக்கும். ஷாக் அப்சார்பரை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். டை ராட் எண்டை மாற்றிவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் அனுப்பினால், இரண்டு மாதத்தில் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும். பூட்டு நட்டையும் காட்டர் பின்னையும் பழையதையே திரும்பப் போடுவது, சில ரூபாய் மிச்சத்துக்காக உயிரைப் பணயம் வைப்பது.

இதைவிட நுணுக்கமான ஒன்றை நிறையப் பட்டறைகள் தவறவிடுகின்றன. ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கிப் பூட்டக்கூடாது. தொங்கும் நிலையில் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அப்படியே பூட்டிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிரந்தரமாக நிற்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையளவில் மாட்டி, காரைச் சக்கரத்தின்மேல் இறக்கி, அதன் எடை முழுவதும் உட்கார்ந்தபின்தான் டார்க் ரென்சால் இறுக்க வேண்டும். ஆறு மாதத்தில் மறுபடியும் புஷ் போச்சு, பழைய வண்டியே இப்படித்தான் என்று புலம்பும் பலருடைய காரில் குற்றம் வண்டியின் வயதில் இல்லை. போல்ட் இறுக்கிய நிலையில் இருக்கிறது.

பாகம் எங்கே கிடைக்கும் என்ற கவலை டெல்லிக்காரருக்குத் தேவையில்லை. கஷ்மீரி கேட்டின் உதிரிபாகச் சந்தை நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சந்து சந்தாக லோயர் ஆர்மும் ஷாக்கரும் அடுக்கிவைத்திருக்கிறார்கள் (வடக்கே அதற்கு ஷாக்கர் என்றுதான் பெயர்). போலி அட்டைப்பெட்டியில் மட்டச் சரக்கும் அங்கே புழங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பில் கேட்டு வாங்குவது, பாகத்தின் எண்ணைச் சரிபார்ப்பது, கம்பெனியின் அங்கீகார முத்திரையைப் பார்ப்பது அங்கே அவசியம். மாயாபுரி உடைப்புக் கிடங்கிலிருந்து கழற்றிய பழைய பால் ஜாயிண்டை வாங்கிப் போடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. கதவும் கண்ணாடியும் பழசாக இருக்கலாம். சக்கரத்தைத் தாங்கும் பாகம் பழசாக இருக்கக்கூடாது.

5. சாகும் தேதி தெரிந்த வண்டிக்கு யார் செலவு செய்வார்?

கெடுவின் மிக மோசமான விளைவு இதுதான். இதைப் பற்றி அதன் ஆதரவாளர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. நீதிமன்றத்தின் பாதுகாப்பு வருவதற்கு முந்தைய நிலையைப் பாருங்கள்: டீசல் கார் வைத்திருப்பவர் ஒருவருக்கு ஒன்பதாம் ஆண்டில் முன்சக்கரத்தில் சத்தம் வருகிறது. மெக்கானிக் இரண்டு லோயர் ஆர்மும் இரண்டு ஷாக்கும் சொல்கிறார். இன்னும் ஒன்றரை ஆண்டில் காரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் என்ன செய்வார்? பாட்டை உரக்க வைத்துக்கொண்டு ஓட்டுவார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது அரசு.

ஆக, பராமரிப்பு அதிகம் தேவைப்படும் கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் பராமரிப்பு நின்றது. சாலையைப் பாதுகாப்பதாகச் சொல்லும் கெடு, ஆட்டம் கண்ட பால் ஜாயிண்டோடு ஓடும் கார்களை ஒவ்வோர் ஆண்டும் உற்பத்தி செய்துகொண்டிருந்தது. சோதனை முறையில் இது நேர்எதிர். இன்று ஆர்ம் மாற்றினால் இன்னும் இரண்டாண்டு ஓட்டலாம் என்ற நம்பிக்கை இருந்தால், உரிமையாளர் தானாகவே பட்டறைக்கு வருவார்.

6. காசுக்குச் சான்று கிடைக்கும் என்பதற்காகச் சோதனையே வேண்டாமா?

ஊழல் பற்றிய வாதம்தான் கெடு ஆதரவாளர்களின் பலமான ஆயுதம், அதற்கு ஆதாரமும் இருக்கிறது. டெல்லியின் வாகனப் புகை பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தயாரித்த அறிக்கை 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வரம்பு மீறிய புகை பதிவாகியும் 1 இலட்சத்து 8 ஆயிரம் வண்டிகளுக்கு மாசுச் சான்று வழங்கப்பட்டதாக அது சொல்கிறது. புராரி சோதனை மையத்தில் வாடகை, சரக்கு வண்டிகளுக்குப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே தகுதிச் சான்று கொடுத்ததையும் அது சுட்டிக்காட்டுகிறது. நஜஃப்கர் பக்கம் ஜுல்ஜுலியில் இயந்திரச் சோதனை மையம் இருந்தும் அதை முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்கிறது.

இந்த அறிக்கையை வைத்து 'பாருங்கள், சோதனை உதவாது' என்று முடிவுகட்டுவது தர்க்கப் பிழை. கண்ணால் பார்த்துச் சான்று கொடுத்தது தவறு என்றுதான் தணிக்கையாளர் சொல்கிறார். கருவியை வைத்துக்கொண்டு பயன்படுத்தாதது தவறு என்கிறார். சோதனையே கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. நம் ஊரிலும் எஃப்.சி.க்கு முன்னால் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது பழைய வழக்கம். பெயிண்ட் ஏன் வேலை செய்கிறது? பார்க்கிறவர் மேலே மட்டும் பார்ப்பதால். கீழே பார்க்கும் கருவிக்குப் பெயிண்ட் தெரியாது.

அந்தக் கருவிகள் மாயமானவை அல்ல. தரையில் பதித்த இரண்டு தட்டுகள் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைக்கும், ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் அடியில் நிற்பவருக்குக் கண்ணெதிரே தெரியும். ஷாக் அப்சார்பருக்கு ஐரோப்பாவில் வழங்கும் யூசாமா முறையில் சக்கரத்தின் அடியில் இருக்கும் தட்டு நொடிக்கு 25 முறை, 6 மில்லிமீட்டர் அளவுக்குக் குலுக்கும். குலுங்கும்போது சக்கரம் தரையை எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது என்பதை நிற்கும் எடையின் சதவீதமாகக் கணினி எழுதும். அறுபதுக்கு மேல் என்றால் மிக நன்று, இருபதுக்குக் கீழ் என்றால் ஷாக் செத்துவிட்டது. எண் கணினியிலிருந்து நேரே பதிவேட்டுக்குப் போனால், பேரம் பேச அங்கே ஆள் இல்லை. மத்திய அரசு 2021 செப்டம்பரில் வெளியிட்ட தானியங்கிச் சோதனை நிலைய விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. தோற்ற வண்டியைக் கட்டணம் கட்டி மறுசோதனைக்குக் கொண்டுவரலாம், அதிலும் தோற்றால்தான் அது ஆயுள் முடிந்த வண்டி என்பது அந்த விதி. நாடு முழுவதற்கும் நிலையை அளக்கும் விதி ஒன்று எழுதப்பட்டுக் கிடக்க, தலைநகரம் மட்டும் பிறந்த தேதியைப் பிடித்துத் தொங்கியது.

வெளிநாட்டு அனுபவம் இங்கே உதவும். பிரிட்டனில் 1960-இல் கட்டாய வாகனச் சோதனையைத் தொடங்கியபோது அது எந்த வண்டிகளுக்குத் தெரியுமா? பத்து ஆண்டு ஆனவற்றுக்கு. டெல்லியில் டீசல் கார் முடியும் வயதில் அங்கே சோதனை தொடங்கியது. பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவற்றைப் பார்த்தார்கள். தோற்ற வண்டிகள் ஏராளம். அந்தத் தோல்வியைப் பார்த்து அவர்கள் பத்தாண்டு வண்டிகளைத் தடைசெய்யவில்லை, சோதனை வயதைக் கீழே இறக்கினார்கள். 1961 இறுதியில் ஏழு ஆண்டு, 1967-இல் மூன்று ஆண்டு. இன்றும் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் சோதனை உண்டு. ஜெர்மனியில் புதிய காருக்கு மூன்றாண்டு கழித்தும் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் சோதனை. குறை இருந்தால் ஒரு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். ஜப்பானில் பத்தாண்டு தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை என்று ஒரு காலத்தில் இருந்ததை 1995-இல் எடுத்துவிட்டு, எல்லாக் கார்களையும் போல இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆக்கினார்கள். தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமத்துக்கே பத்தாண்டுக் கெடு உண்டு, உரிமம் புதுப்பித்து ஓட்டினால் அதன்பின் ஆண்டுக்கொருமுறை சோதனை. இந்த நாடுகள் எல்லாம் வெவ்வேறு வழியில் போனாலும் தோல்வி என்றால் 'சரிசெய்து வா' என்றே படிக்கின்றன.

7. ஏர்பேக் இருந்தால் போதுமா?

போதாது என்பதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. ஓட்டுநர் ஏர்பேக் இந்தியாவில் 2019-இல் கட்டாயமானது, அது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் ஏர்பேக் மோதிய பிறகு வேலை செய்வது. பால் ஜாயிண்டும் ஷாக்கும் மோதாமல் இருப்பதற்கு வேலை செய்பவை. புதிய காரில் ஏர்பேக் இருக்கிறது என்பதற்காக அதன் அடிப்பக்கத்தைப் பதினைந்து ஆண்டு பார்க்காமல் விடலாம் என்று யாராவது சொல்வார்களானால், 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரின் எண்ணிக்கையை அவர்கள் ஒருமுறை மனதில் நிறுத்திப் பார்க்கட்டும். அத்தனையும் சஸ்பென்ஷனால் நேர்ந்தவை அல்ல, பெரும்பாலானவை வேகத்தால் நேர்ந்தவை. ஆனால் வேகத்தில் பிரேக் அடிக்கும் ஒவ்வொருவரும் நம்பியிருப்பது நான்கு சக்கரமும் தரையைப் பிடித்திருக்கும் என்பதைத்தான்.

8. டெல்லிக்கு ஆபத்தான கார் லக்னோவுக்கு ஆபத்து இல்லையா?

கெடு நெருங்கிய காரை டெல்லிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? தடையில்லாச் சான்று வாங்கித் தலைநகர வட்டாரத்துக்கு வெளியே விற்கிறார்கள். லக்னோ, டேராடூன், சண்டிகர், தெற்கே நம் ஊர்வரைக்கும் அந்தக் கார்கள் வருகின்றன. டெல்லிப் பதிவுக் கார் மலிவு என்று வாங்கிவந்த தமிழர்களும் உண்டு. கார் ஆபத்தானது என்பது உண்மையானால், அதை அடுத்த மாநிலத்துக்குத் தள்ளிவிடுவது எந்த அறத்தில் சேரும்? ஆபத்தில்லை என்பது உண்மையானால், டெல்லிச் சாலையிலிருந்து ஏன் விரட்ட வேண்டும்? இரண்டில் எது என்று சோதிக்காமல் அனுப்புவதால், கீறல் விட்ட ரப்பர்த் தொப்பியும் அதற்குள் அராவுண்ட குண்டும் அப்படியே புது முகவரிக்குக் குடிபோகின்றன. வாங்கியவருக்கு அதைச் சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

கெடுவை எதிர்ப்பவர்களும் தப்ப முடியாது. 2025 ஜூலையில் தெருவுக்கு வந்து பேசியவர்களில் மிகப் பலர் சொன்னது, 'என் கார் நன்றாக ஓடுகிறது, மாசுச் சான்றும் இருக்கிறது, விட்டுவிடுங்கள்' என்பதே. 'ஓடுகிறது' என்பது தகுதி அல்ல. கழலப்போகும் பால் ஜாயிண்டும் கழலும் நொடிவரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். வயதைக் காரணம் காட்டாதே என்று கேட்கும் உரிமை, நிலையைச் சோதித்துக்கொள் என்று சொல்பவருக்கு மட்டுமே உண்டு. ஐந்தாம் ஆண்டில் ஒருமுறை, பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை, பத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் எல்லாச் சொந்தக் கார்களையும் இயந்திரத் தட்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்ட குரல் அந்தக் கூட்டத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் வழக்கு இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

சோதனைச் செலவும் பழுதுச் செலவும் ஏழை உரிமையாளரை நசுக்கும் என்ற கவலை நியாயமானது. காய்கறி ஏற்றும் சின்ன டெம்போக்காரருக்கு இரண்டு ஷாக் வாங்குவதும் ஒரு வாரச் சம்பாத்தியம். ஆனால் அதே ஆளிடமிருந்து வண்டியையே பறிக்கும் கெடுவை ஏழைகளின் பெயரால் ஆதரிக்க முடியாது. மறுசோதனைக்குத் தனிக் கட்டணம் வாங்காமல் இருக்கலாம், பழுதுக்கு ஒரு மாத அவகாசம் தரலாம். தோல்விச் சீட்டில் எந்தப் பாகம், எந்தப் பக்கம், எவ்வளவு ஆட்டம் என்று அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுக்கலாம். அந்தச் சீட்டு கையில் இருந்தால் பட்டறையில் அவரை யாரும் ஏமாற்றி நாலு பாகம் கூடுதலாகத் தலையில் கட்ட முடியாது.

டெல்லியில் பி.எஸ்.4 தரம் 2010 ஏப்ரலில் வந்தது. அந்த ஆண்டில் வாங்கிய பெட்ரோல் கார்கள் இப்போது பதினைந்தைத் தாண்டிவிட்டன. உச்ச நீதிமன்றத்தின் டிசம்பர் 17 உத்தரவின்படி அவற்றை வயதுக்காகத் தொடக்கூடாது. புகையைக் கணக்கில் எடுத்துக் கிடைத்த பாதுகாப்பு அது. அந்தக் கார்கள் இன்று காலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாராபுல்லா மேம்பாலத்தில் ஏறியிருக்கும். அவற்றின் முன்சக்கரங்களைத் தாங்கும் ஜாயிண்டுகளை 2010 முதல் இந்த நிமிடம்வரை எந்தச் சோதனை மையமும் ஆட்டிப் பார்த்ததில்லை.